வழிமொழிந்தவர்: சுப்பையா

இந்த நாட்டில் சுட்டுவிரலால் எதையும் சுட்டக்கூடாது. ஆளையும் கூடாது, வழியையும் கூடாது. நான்கு விரல்களையும் உள்ளே மடக்கி, அவற்றின்மேல் கட்டைவிரலைப் படுக்கவைத்து, அதனால்தான் திசை காட்டவேண்டும். வந்த முதல் வாரத்தில் இது எனக்குத் தெரியாது. ரந்தாவ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. பழக்குலை ஏற்றிவரும் லாரிகள் எந்த இடத்தில் கொட்டவேண்டும் என்று காட்டுவது எனக்குக் கொடுத்த வேலை. மொழி தெரியாவிட்டால் என்ன, விரல் இருக்கிறதே என்று ஒரு மலாய்க்கார ஓட்டுநரைப் பார்த்து விரலை நீட்டினேன். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "அப்பா சாலா சாயா?" என்று கேட்டார். ஏதோ இடத்தைத்தான் உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்று நினைத்து, பலமாகத் தலையாட்டி, மறுபடியும் அவரையே சுட்டினேன். பக்கத்தில் நின்றிருந்த சுப்பையா அண்ணன் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "நான் என்னா தப்பு செஞ்சேன்னு கேக்குறாரு தம்பி. நீ ஆமாங்கிற!"

ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது கட்டைவிரல் தானாகவே முந்திக்கொள்கிறது. சென்ற முறை விடுப்பில் ஊருக்கு வந்தபோது பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஒருவருக்கு வழி காட்டினேன். அவர் வழியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்து, "விரல்ல அடிபட்டிருக்கா?" என்று கேட்டார். பழக்கம் என்பது அப்படித்தான் உடம்பில் ஏறுகிறது. யாரும் நம்மை மிரட்ட வேண்டியதில்லை. ஒருநாள் கையைக் கீழே இழுக்கிறார்கள், மறுநாள் நாமே மடக்கிக்கொள்கிறோம்.

ஊரில் இதை வாசிக்கிற நீங்கள், ஒரு நாடு ஜனநாயகத்திலிருந்து ஒற்றை ஆள் ஆட்சிக்கு எப்படிப் போகிறது என்று கைபேசியில் இராப்பகலாகச் சண்டை போடுகிறீர்கள். அந்தச் செய்திகள் எனக்கும் வந்து சேர்கின்றன. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு நாளைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். ராணுவ வண்டி வரும், வானொலியில் யாரோ கரகரத்த குரலில் அறிவிப்பார்கள், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. அப்படியெல்லாம் எதுவும் வேண்டாம். நீல அட்டை போட்ட ஒரு கூட்டக்குறிப்பு நோட்டும், அழகான கையெழுத்துள்ள ஒரு கோழையும் போதும். அந்தக் கோழையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாடு சறுக்குவதை அருகில் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஒரு தோட்டத்துக் கோவில் சங்கம் சறுக்கியதைப் பார்த்தேன், அதற்கு எண்ணெய் ஊற்றியும் கொடுத்தேன். இரண்டுக்கும் அளவில்தான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

எண்ணெய் ஊற்றும் தொழிலை நான் கற்றுக்கொண்டு வந்தது நம் ஊரில்தான். பத்தொன்பது வயதில் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. இரண்டு மாடு வைத்திருந்த என் அப்பா, பால் அளக்கிற படியில் ஏமாற்றுகிறார்கள் என்று கொதித்து, தலைவர் பதவிக்கு மனுப் போட்டார். மறுநாள் மதியம் பழத்தட்டோடு நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சத்தம் இல்லை, அதட்டல் இல்லை. "ஊருக்குள்ள எதுக்குப் போட்டி? நாளைக்கு ஒங்க பால யாரு வாங்குறது?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்கள். அப்பா மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். "போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்று நோட்டில் எழுதியவன் நான். அன்றிலிருந்து ஒரு மாதம் அப்பாவோடு உட்கார்ந்து நான் சாப்பிடவில்லை. முதுகெலும்பில்லாத மனிதர் என்று அம்மாவிடம் அவர் காதில் விழும்படி சொன்னேன். அந்த ஊரில் இனி இருக்க முடியாது என்ற வீறாப்பு எனக்குள் விழுந்தது அப்போதுதான். வேலைக்காகத்தான் கடல் தாண்டினேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். அது பாதி உண்மை.

இங்கே ஆலையை ஒட்டிய தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்கு ஒரு சங்கம் உண்டு. குறிப்புகள் தமிழில் இருக்கவேண்டும் என்பது பழைய விதி. எழுதக்கூடிய இளையவர்கள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். என் கையெழுத்தைப் பார்த்த சுப்பையா அண்ணன்தான் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவர் முன்பு இதே தோட்டத்தில் மண்டோராக இருந்து வேலையாட்களை மேய்த்தவர். யாரையும் முறைத்துப் பார்க்கத் தெரியாமல் எப்படி மண்டோர் வேலை செய்தார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. நான் வெளிநாட்டான், உறுப்பினர் இல்லை, கை தூக்கும் உரிமை இல்லை. எழுத மட்டும் செய்யலாம்.

முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நான் மறக்கமாட்டேன். பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் கீறல் போட்டு, அதில் சீட்டு எழுதிப் போட்டார்கள். அதற்குமுன் மூன்று மணி நேரம் சண்டை. ஒலிபெருக்கி புதிதாக வாங்குவதா வேண்டாமா என்பதற்கு ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். சுப்பையா அண்ணனின் மனைவி செல்லம்மா அக்கா, முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையை நீட்டி நீட்டி, "ஆத்தாவுக்குக் காது நல்லா கேக்கும் லா, நீங்க ஏன் கத்துறீங்க?" என்றார். சிரிப்பும் கூச்சலுமாக எழுதி முடிக்கையில் என் விரல் வலித்தது. அறைக்குத் திரும்பும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அப்பாவுக்குக் கிடைக்காதது இந்த ஜனங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த டின்னில் அதிகச் சீட்டு வாங்கி வந்தவர்தான் தலைவர். பெயர் வேண்டாம், இங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. குலை ஏற்றும் லாரிகளைக் குத்தகைக்கு விடுகிறவர், ஆலை அலுவலகத்தில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம், ஆனால் அது பொய். கோவில் கூரையை மாற்றியவர் அவர். சுப்பையா அண்ணனுக்கு நெஞ்சு வலித்தபோது சொந்தக் காரில் போட்டுச் சிரம்பானுக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். ஜனங்களுக்கு அவர்மேல் உண்மையான அன்பு இருந்தது. எல்லாம் அந்த அன்பிலிருந்துதான் தொடங்கியது.

மறுவருடம் டின் வரவில்லை. "நமக்குள்ள என்னா ரகசியம்? கைய தூக்குனா முடிஞ்சிச்சு லா" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். சீட்டு எழுதும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கை தூக்கும்போது, யார் தூக்கவில்லை என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கடுத்து, கையை எண்ணுவது நேரம் பிடிக்கிறது என்று, "ஆட்சேபம் உண்டா?" என்று மட்டும் கேட்கும் வழக்கம் வந்தது. யாரும் வாய் திறக்காவிட்டால் ஏகமனது. ஒருவர் இரண்டு தவணைதான் தலைவராக இருக்கலாம் என்றொரு விதி இருந்தது. கும்பாபிஷேகம் முடியும்வரை மட்டும் அதை நிறுத்திவைக்கலாம் என்றார்கள். கும்பாபிஷேகம் முடிந்தது, விதி திரும்பவில்லை. யாரும் நினைவூட்டவும் இல்லை. சங்கத்து வாட்ஸாப் குழுவில் ஒரு நாள் செல்லம்மா அக்கா அந்த விதியைப் பற்றிக் கேட்டுவிட்டார். அடுத்த நாள் காலையிலிருந்து அந்தக் குழுவில் தலைவர் மட்டுமே செய்தி போட முடிந்தது. காலை வணக்கம், அம்மன் படம், தலைவரின் படம். மற்றவர்கள் அதற்குக் கீழே கட்டைவிரல் போடலாம். கேள்வி கேட்கிறவர்களுக்கு ஒரு பெயரும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. கோவிலுக்கு எதிரி என்று சொன்னார்கள்.

ஒவ்வொன்றும் நடந்தபோது அது சின்ன விஷயமாகத்தான் இருந்தது. சண்டைபோடும் அளவுக்கு எதுவும் பெரிதாக இல்லை. வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் எவ்வளவு தூரம் சறுக்கிவிட்டோம் என்று தெரிகிறது. வரிசையாக வைத்துப் பார்க்க நோட்டு இருந்தது என்னிடம் மட்டும்தான். நான் என்ன செய்தேன்? கூட்டம் எப்படியும் ஒரே மாதிரிதானே நடக்கிறது என்று, கூட்டக்குறிப்பை முன்கூட்டியே எழுதி வைக்கத் தொடங்கினேன். பால் சங்கத்தில் கற்ற வித்தை. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஏகமனதாக நிறைவேறியது, நன்றியுரை என எல்லாம் இரண்டு வாரத்துக்கு முன்பே தயார். தலைவர் ஆலைப் பக்கம் வரும்போது கையெழுத்தும் வாங்கிவிடலாம். வழிமொழிந்தவர் என்ற இடத்தில் யோசிக்காமல் எழுதுவேன்: சுப்பையா. வழிமொழிய அண்ணன்தான் எப்போதும் முதலில் கை தூக்குவார், தோளில் கிடக்கும் துண்டோடு. "வீட்ல நான் சொல்றதுக்கு ஒரு நாளும் தலையாட்டல, அங்க போனா ரெண்டு கையும் மேல போவுது" என்று செல்லம்மா அக்கா அவரை ஊரறிய வாருவார். அக்கா மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் எதிர்த்துக் கை தூக்கினார். முதல் தடவை நான் அதை எழுதப் போனபோது தலைவர் குனிந்து, "ஒரே ஒரு ஆளுக்காக ஏகமனத கெடுக்காத தம்பி" என்றார். நான் எழுதவில்லை. அடுத்த வருடங்களில் அவர் குனிய வேண்டியிருக்கவில்லை.

போன வருடத் தீர்மானம் இதுதான். தோட்டத்தின் ஒரு பகுதி வீட்டுமனைக்குப் போகிறது, கோவிலும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளும் அதற்குள் வருகின்றன. கோவிலுக்கு வேறு இடம் தருவார்கள். அது பற்றிய எல்லா ஒப்பந்தத்திலும், லைன் வீட்டுக்காரர்கள் சார்பிலும் சேர்த்து, தலைவர் ஒருவரே கையெழுத்திடலாம். கோவிலுக்கு இடம் உண்டு, வீட்டுக்கு வீடு உண்டா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. செல்லம்மா அக்கா பிறந்தது அந்த லைனில். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். நான் வழக்கம்போலக் குறிப்பை எழுதினேன், வழிமொழிந்தவர் சுப்பையா என்று எழுதினேன், தலைவரும் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் கழித்து அண்ணன் செத்துப்போனார். நெஞ்சுவலிதான் திரும்பி வந்தது. அவர் சவப்பெட்டியின் ஒரு மூலை என் தோளில் இருந்தது. அவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு நடந்தபோதும் எனக்கு அந்த நோட்டின் நினைவு வரவில்லை.

கூட்டம் நடந்தது அவர் இறந்த பன்னிரண்டாம் நாள். துக்க வீட்டுக்காரர்கள் பதினாறு நாள் கழியும்வரை கோவில் எல்லைக்குள் வரமாட்டார்கள். அக்காவும் வரவில்லை. ஆனால் மண்டபத்துக்கு வெளியே, கம்பி வேலிக்கு அந்தப்பக்கம், மண்சாலையில் வந்து நின்றார். தலைவர் தீர்மானத்தைப் படித்து, "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டதும் அக்கா வேலிக்கு மேலே கையைத் தூக்கினார். மண்டபத்தில் எல்லோருடைய தலையும் திரும்பியது. "அக்கா துக்கத்துல இருக்காங்க, அவங்க பேரு கோவில் கூட்டத்துல வரக்கூடாது லா. அது நம்ம முறை" என்றார் தலைவர். பல தலைகள் ஆடின. முறைதானே. அந்தக் கையைப் பார்த்த அந்த நொடியில்தான் எனக்கு நோட்டில் கிடந்த அண்ணனின் பெயர் உறைத்தது. தலைவரின் காதருகே போய்ச் சொன்னேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "யாரு படிக்கப் போறா? விடு லா" என்றார். நான் விட்டேன். உயிரோடு இருக்கும் மனைவிக்குத் தீட்டு, பெயர் வரக்கூடாது. எரிந்து சாம்பலான கணவன் வழிமொழிந்திருக்கிறார். நோட்டில் என் கையெழுத்து வழக்கம்போல மணிமணியாக இருந்தது.

படித்தார்கள். பதினேழாம் நாள் காலை அக்கா பஸ் ஏறிச் சிரம்பானுக்குப் போய், இப்படிப்பட்ட புகார்களை வாங்கும் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தார். தலைவரின் ஆட்கள் மலாயில் தட்டச்சு செய்து ஏற்கெனவே அனுப்பியிருந்த குறிப்பை அங்கிருந்த இளம் அதிகாரி எடுத்துப் பார்த்தாள். ஆண்டுதோறும் ஏகமனது. உங்கள் எதிர்ப்பு எங்கும் இல்லையே அம்மா, என்று பணிவாகச் சொல்லிவிட்டு, கட்டைவிரலால் ஒரு வரியைக் காட்டினாளாம். உங்கள் கணவரே ஆதரித்திருக்கிறாரே. அக்கா பையைத் திறந்து கணவரின் மரணச் சான்றிதழை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தப் பெண் அதிகாரி நெடுநேரம் இரண்டையும் பார்த்தாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சங்கம் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும், குறிப்பு எழுதியவரும் கையெழுத்திட வேண்டும் என்று கடிதம் அனுப்பினாள். தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு கதவு திறந்தது அப்போதுதான். அந்தக் குறிப்பு எப்போது எழுதப்பட்டது என்ற உண்மையை நான் ஒரு வரியில் எழுதியிருந்தால் போதும், தீர்மானம் விழுந்திருக்கும். மறுபடி கூட்டம் போட வேண்டியிருக்கும், லைன் ஜனங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்.

தலைவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்கு வந்தார். கையில் எனக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. அதைப் பிரித்துக் கொடுத்தபடியே, தட்டச்சு செய்த ஒரு தாளையும், சங்கத்து ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார். பழைய குறிப்பைப் பார்த்து எழுதியதில் பெயர் கைத்தவறாக மாறிவிட்டது, வழிமொழிந்தவர் உண்மையில் வேறொருவர், எழுதியவர் வெளிநாட்டவர், உறுப்பினர்களைச் சரியாக அறியாதவர் என்று தாளில் இருந்தது.

"எனக்கு சுப்பையா அண்ணனத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"உனக்கு தெரியும் லா. ஆபீசுக்கு தெரியணுமா?" என்றார் அவர். பிறகு, "உன் வேல பெர்மிட் அடுத்த மாசந்தானே முடியுது? நான் ஆபீஸ்ல பேசிட்டேன். கவலப்படாத, சாப்பிடு."

அதட்டல் இல்லை. அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்த நாலு பேரின் முகத்திலும் அப்படித்தான் இருந்தது. அப்பா எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார், எப்படித் தலையைக் குனிந்தார் என்றெல்லாம் எனக்கு அப்போது நன்றாக நினைவுக்கு வந்தது. அவருக்கு விற்கப் பால் இருந்தது, வீட்டில் வளர்க்க நாலு பேர் இருந்தோம். நான் தனிக்கட்டை. நான் கையெழுத்துப் போட்டேன். முத்திரையை மையில் அழுத்திக் குத்தும்போது ஊதா மை கட்டைவிரலில் பட்டது. நாசி லெமாக்கையும் சாப்பிட்டேன். அதை மறைப்பதில் என்ன இருக்கிறது?

விளக்கம் ஏற்கப்பட்டது. தாளில் எல்லாம் சரியாக இருந்தால் யாரும் என்ன செய்ய முடியும்? லைன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ரந்தாவ் பாசாரில் அக்கா எதிரே வந்தார். ஒதுங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒலிபெருக்கிச் சண்டையில் பேசிய அதே குரலில்தான் பேசினார்.

"செத்துப்போனவரு கை தூக்குனாருன்னு எழுதுனே. உசுரோட நின்னு ஆறு வருசமா தூக்குனேன், என் கைய ஒரு வாட்டி எழுதுனியா தம்பி?"

பதிலுக்காக அவர் நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு மீன் கடைப் பக்கம் போய்விட்டார். தம்பி என்று கூப்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு இரண்டு நாள் கழித்து என் தம்பி ஊரிலிருந்து பேசினான். அன்று அங்கே தேர்தல். வாக்குச்சாவடியில் அவன் ஒரு கட்சிக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்திருக்கிறான். குரலில் குஷி. "அண்ணே, ஒன் ஓட்டும் விழுந்துருச்சு. ஒம்பேருக்கு நேரா கையெழுத்துக் கெடக்கு."

"யார்ரா போட்டா?"

"யாரோ ஒருத்தன் போட்டிருப்பான், விடு. எப்புடியும் அந்தப் பக்கந்தான போடுவ?"

"நீ அங்கதான உக்காந்திருந்த? எந்திரிச்சு இது எங்க அண்ணன் இல்லன்னு சொல்லலையா?"

"சொல்லிட்டு? நாளைக்கு நம்ம பால எவன் வாங்குவான்?" என்றான்.

அவனைத் திட்ட வாயெடுத்தேன். என்ன தகுதியில் திட்டுவது என்று தெரியாமல் இணைப்பைத் துண்டித்தேன். அப்பா இருந்திருந்தால் அவரிடம் பேசியிருப்பேன். பேசியென்ன, ஒரு மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் போய் நான்கு வருடமாகிறது.

ஆலையில், லாரிகளுக்கு இடம் காட்டும் மேடையில் நின்றபடி என் இடது சுட்டுவிரலைப் பார்த்தேன். ஊரில் அன்று ஓட்டுப் போட்ட விரல், அதில் ஒரு புள்ளி மை இல்லை. வலது கட்டைவிரலில், எனக்கு ஓட்டே இல்லாத இந்தத் தோட்டத்தின் ஊதா மை நகக்கண்ணில் இறங்கி, எவ்வளவு தேய்த்தும் இன்னும் போகாமல் கிடந்தது. கீழே குலை ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. தலைவரின் லாரி. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, எங்கே கொட்டுவது என்று கேட்டார். நான்கு விரல்களையும் மடக்கி, கட்டைவிரலால், மரியாதையாக, இடத்தைக் காட்டினேன்.